எஞ்சினுக்கு ஏற்ற டர்போ: எவ்வளவு காற்று வேண்டும் என்பதிலிருந்து தொடங்குங்கள்

டர்போசார்ஜர் வாங்க முனைபவர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, "இது எத்தனை குதிரைத்திறன் தாங்கும்?" என்பதுதான். அவரும் ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார். அந்த எண்ணை நம்பி, தேவைக்கு மேல் இரண்டு அளவு பெரிய டர்போவை மாட்டிவிட்டு, எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்றைத் தாண்டும் வரை வண்டி எழும்பவில்லை என்று வருந்துபவர்கள் பலர். டர்போவில் எக்ஸாஸ்ட் வாயுவால் சுழலும் டர்பைன், அதே அச்சிலுள்ள கம்ப்ரஸரைச் சுழற்றிக் காற்றை அமுக்குகிறது. அதாவது, ஒரு டர்போ எஞ்சினுக்குக் கொடுப்பது காற்று. அந்தக் காற்றுக்குரிய எரிபொருளைச் சேர்த்து எரித்துத் திறனாக மாற்றுவது எஞ்சினின் வேலை. ஆகவே நமக்கு வேண்டிய திறனுக்கு எவ்வளவு காற்று தேவை, அதை எவ்வளவு அழுத்தத்தில் உள்ளே தள்ள வேண்டும் என்ற இரண்டையும் கணக்கிட்டுக்கொண்ட பிறகே டர்போக்களின் பட்டியலைத் திறக்க வேண்டும். கணக்கு பள்ளிப் படிப்போடு செய்துவிடக்கூடியதுதான். ஒரு தாளும் கால்குலேட்டரும் போதும்.

விளக்கத்துக்கு ஓர் உண்மையான எஞ்சினை எடுத்துக்கொள்வோம். நிஸான் சில்வியா கார்களில் 1991 முதல் வந்த எஸ்ஆர்20டிஇடி, 1,998 சிசி கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். சிலிண்டர் விட்டமும் பிஸ்டன் ஓட்டமும் தலா 86 மில்லிமீட்டர். அமுக்க விகிதம் 8.5. தொழிற்சாலையிலிருந்தே டர்போவுடன் வந்த இந்த எஞ்சின், எஸ்13 சில்வியாவில் 205 பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்), எஸ்14-இல் 220 பிஎஸ், எஸ்15-இல் 6,400 சுற்றில் 250 பிஎஸ் தந்தது. இதிலிருந்து 300 குதிரைத்திறன் பெற வேண்டும் என்பது நமது இலக்காக இருக்கட்டும்.

முதல் படி: இலக்கைத் தெளிவாகச் சொல்லிக்கொள்ளுதல்

300 என்பது எஞ்சினின் ஃப்ளைவீலில் அளந்ததா, திறனளக்கும் டைனோ உருளையில் சக்கரத்தில் அளந்ததா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், டயர் ஆகியவற்றில் ஏறக்குறைய 15 சதவீதம் இழப்பாகிறது என்று கொண்டால், ஃப்ளைவீலில் 300 உள்ள எஞ்சின் சக்கரத்தில் 255 அளவில்தான் காட்டும். கீழே வரும் கணக்குகள் எல்லாம் ஃப்ளைவீல் திறனுக்கானவை. சக்கரத்தில் 300 வேண்டும் என்பவர் 350-ஐ இலக்காக வைத்துக் கணக்கிட வேண்டும். அது வேறொரு டர்போவில் கொண்டுபோய் விடக்கூடும்.

அதே அளவுக்கு முக்கியமானது, அந்தத் திறன் எந்தச் சுற்றில் வேண்டும் என்பது. அன்றாடம் சாலையில் ஓடும் வண்டி பெரும்பாலான நேரத்தை 2,000 முதல் 4,500 சுற்றுக்குள் கழிக்கிறது. பந்தயத் தடத்தில் ஓடும் வண்டி 4,500-க்குக் கீழே இறங்குவதே அரிது. இந்த இரண்டுக்கும் ஒரே டர்போ பொருந்தாது. நாம் சாலையில் ஓட்டும், எப்போதாவது தடத்துக்குக் கொண்டுபோகும் வண்டியாக வைத்துக்கொண்டு, உச்சத் திறன் 6,500 சுற்றில் கிடைக்க வேண்டும் என்று கொள்வோம்.

இரண்டாம் படி: காற்றின் எடை

காற்றைக் கன அளவில் சொல்வதை விட எடையில் சொல்வதே சரி, ஏனெனில் எரிதலுக்கு வேண்டிய ஆக்ஸிஜனின் அளவு எடையைப் பொறுத்தது. சூத்திரம் எளிது: குதிரைத்திறனைக் காற்று-எரிபொருள் விகிதத்தால் பெருக்கி, அதை எரிபொருள் நுகர்வு எண்ணால் பெருக்கி, 60-ஆல் வகுக்க வேண்டும். விடை, நிமிடத்துக்கு எத்தனை பவுண்டு காற்று என்பதாக வரும். டர்போ நிறுவனங்களின் வரைபடங்கள் பெரும்பாலும் பவுண்டில் இருப்பதால் இந்த அலகையே பழகிக்கொள்வது நல்லது.

முழு பூஸ்டில், அதாவது டர்போ கூட்டித் தரும் முழு அழுத்தத்தில், ஓடும் பெட்ரோல் எஞ்சினுக்குக் காற்று-எரிபொருள் விகிதம் 12 என்று எடுத்துக்கொள்ளலாம். நுகர்வு எண் என்பது, ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் தருவதற்கு எரியும் பெட்ரோலின் எடை. டர்போ பெட்ரோல் எஞ்சின்களில் இது பொதுவாக 0.50 முதல் 0.60 பவுண்டு வரை இருக்கும். ஆக்டேன் குறைந்த பெட்ரோலை நம்பி ஓட்டுபவர், நாக்கிங் (கலவை தானாகவே வெடித்து எரிவது) வராமலிருக்க இக்னிஷன் டைமிங்கைப் பின்தள்ள வேண்டியிருப்பதால், அதே திறனுக்கு அதிக எரிபொருளையும் அதிக காற்றையும் செலவிடுவார். அப்படிப்பட்டவர் 0.60-ஐயே எடுத்துக்கொள்ள வேண்டும். நாம் நடுவில் 0.55 என்று வைத்தால்:

300 × 12 × 0.55 ÷ 60 = 33.

நிமிடத்துக்கு 33 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 15 கிலோ காற்று. ஒரு நிமிடத்துக்கு ஒரு பவுண்டு காற்று தோராயமாக 9.5 முதல் 10.5 குதிரைத்திறன் தரும் என்று டியூனிங் செய்பவர்கள் சொல்வதுண்டு. நமது கணக்கில் அது 9.1, அதற்குச் சற்றுக் கீழே வருகிறது. டீசல் எஞ்சினுக்கு இதே எண்களைப் போட்டுவிடாதீர்கள். அதன் காற்று-எரிபொருள் விகிதம் 20-க்கு மேல், நுகர்வு எண் 0.40-க்கும் கீழே.

மூன்றாம் படி: அழுத்தம்

இத்தனை காற்றை 1,998 சிசி எஞ்சினுக்குள் நுழைக்க எவ்வளவு அழுத்தம் தேவை? நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் தன் முழுக் கொள்ளளவையும் நிரப்பும். ஆகவே 6,500 சுற்றில் நிமிடத்துக்கு 3,250 முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 2 லிட்டர். மொத்தம் 6,490 லிட்டர். சிலிண்டர் முழுமையாக நிரம்புவதில்லை என்பதால், நிரப்புத் திறனை 95 சதவீதமாகக் கொண்டால் 6.17 கன மீட்டர். 15 கிலோ காற்று 6.17 கன மீட்டருக்குள் அடங்க வேண்டுமானால், அதன் அடர்த்தி கன மீட்டருக்கு 2.43 கிலோ இருக்க வேண்டும்.

அடர்த்தியை வெப்பநிலையாலும் காற்றின் வாயு மாறிலியான 287-ஆலும் பெருக்கினால் அழுத்தம் கிடைக்கும். அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டி, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் வரும் காற்று 60 டிகிரி செல்சியஸ், அதாவது 333 கெல்வின் என்று வைத்தால், 2.43 × 287 × 333 என்பது 232 கிலோபாஸ்கல். கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தமான 101-ஐக் கழித்தால் மீட்டரில் தெரியும் பூஸ்ட் 131 கிலோபாஸ்கல். நம் ஊர் மெக்கானிக்குகள் பேசும் அலகில் 1.3 பார், அல்லது 19 பிஎஸ்ஐ.

ஆனால் டர்போ தர வேண்டியது இதை விட அதிகம். இன்டர்கூலரிலும் குழாய்களிலும் ஏறக்குறைய 14 கிலோபாஸ்கல் விழுந்துவிடும் என்பதால், கம்ப்ரஸரிலிருந்து காற்று வெளிவரும் இடத்தில் 246 இருக்க வேண்டும். ஏர் ஃபில்டர் இழுத்துப் பிடிப்பதால் கம்ப்ரஸருக்குள் நுழையும் காற்றின் அழுத்தம் 101 அல்ல, 94 அளவில்தான் இருக்கும். 246-ஐ 94-ஆல் வகுத்தால் 2.6. இதுவே அழுத்த விகிதம். 33 பவுண்டு காற்று, 2.6 அழுத்த விகிதம் என்ற இந்த இரண்டு எண்களும்தான் டர்போ தேடும்போது கையில் இருக்க வேண்டியவை.

நான்காம் படி: கம்ப்ரஸர் வரைபடத்தைப் படித்தல்

இந்தப் படியில் நேரம் செலவழிக்கத் தயங்காதீர்கள். நல்ல நிறுவனம் ஒவ்வொரு டர்போவுக்கும் கம்ப்ரஸர் வரைபடம் ஒன்றை வெளியிடும். வரைபடம் கிடைக்காத டர்போவை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. எத்தனை மலிவாக இருந்தாலும் அது கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குவதாகும்.

வரைபடத்தின் கிடை அச்சில் காற்றின் அளவும், செங்குத்து அச்சில் அழுத்த விகிதமும் இருக்கும். உள்ளே தீவுகளைப் போல வளைகோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். நடுத் தீவில் கம்ப்ரஸரின் செயல்திறன் மிக அதிகம், வெளியே போகப் போகக் குறையும். குறுக்கே போகும் கோடுகள் கம்ப்ரஸர் சக்கரம் சுழலும் வேகத்தைக் காட்டுபவை. அவை நிமிடத்துக்கு லட்சம் சுற்றையும் தாண்டும். இடது எல்லையில் சாய்ந்து ஏறும் கோடு சர்ஜ் கோடு. அதற்கு இடப்புறம் போனால், தள்ளிய காற்றை எஞ்சினால் விழுங்க முடியாமல் அது கம்ப்ரஸருக்குள்ளேயே திரும்பிப் பாயும். சக்கரமும் பேரிங்கும் அந்த அதிர்வை நெடுநாள் தாங்காது. வலது எல்லை சோக் எனப்படுவது. அங்கே சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் காற்று கூடாது, சூடு மட்டுமே கூடும்.

செயல்திறன் என்பது வெறும் ஏட்டு எண் அல்ல. வெளிக்காற்று 40 டிகிரியாக உள்ள மே மாத நாளில், 2.6 விகிதத்துக்கு அமுக்கும் கம்ப்ரஸர் 72 சதவீதச் செயல்திறனில் இருந்தால், காற்று 177 டிகிரியில் வெளிவரும். அதே வேலையை 60 சதவீதத்தில் செய்யும் கம்ப்ரஸரிலிருந்து அது 205 டிகிரியில் வெளிவரும். 85 சதவீதம் திறனுள்ள நல்ல இன்டர்கூலர் 177 டிகிரிக் காற்றை ஏறக்குறைய 60-க்கு இறக்கிவிடும். மூன்றாம் படியில் 60 டிகிரி என்று வைத்தது இதனால்தான். இன்டர்கூலர் சிறியதாக இருந்தால் அந்த எண்ணைக் கூட்டி, மூன்றாம் படியை மறுபடி போட வேண்டும்.

இப்போது இரண்டு டர்போக்களை ஒப்பிடுவோம். காரெட் நிறுவனத்தின் ஜிடி2860ஆர்எஸ், 360 குதிரைத்திறன் வரை என்று குறிக்கப்பட்டது. அதே நிறுவனத்தின் ஜிடி3076ஆர், 525 வரை என்று குறிக்கப்பட்டது. பெயரின் கடைசி இரண்டு எண்கள் கம்ப்ரஸர் சக்கரத்தின் வெளி விட்டத்தை மில்லிமீட்டரில் சொல்கின்றன: ஒன்று 60, மற்றது 76. நமது 33 பவுண்டு, 2.6 என்ற புள்ளி ஜிடி2860ஆர்எஸ் வரைபடத்தின் வலப்பக்கத்தில், எல்லைக்கு உள்ளே விழுகிறது. ஜிடி3076ஆர் வரைபடத்திலோ வலப்பக்கம் நிறைய இடம் மிச்சமிருக்கும். "மிச்சமிருப்பது நல்லதுதானே" என்று தோன்றும். புதியவர்கள் தவறான முடிவுக்கு வருவது இந்த இடத்தில்தான்.

ஒரு புள்ளியை மட்டும் வைத்துப் பார்ப்பது போதாது. அதே பூஸ்ட்டை 4,500 சுற்றில் வைத்தால் எஞ்சின் 23 பவுண்டு காற்று கேட்கும். 3,000 சுற்றில் 15 பவுண்டுதான் கேட்கும். இந்த மூன்று புள்ளிகளையும் 2.6 என்ற உயரத்தில் வரைபடத்தில் குறியுங்கள். பெரிய டர்போவில் 15 பவுண்டுப் புள்ளி சர்ஜ் கோட்டுக்கு இடப்புறம் போய்விடும். நடைமுறையில் அந்த டர்போ 3,000 சுற்றில் அவ்வளவு பூஸ்ட்டை எட்டவே எட்டாது. அதன் கனமான சக்கரங்களைச் சுழற்றப் போதிய எக்ஸாஸ்ட் அங்கே இல்லை. ஆகவே, எப்போதாவது தொடும் 6,500 சுற்றுக்காக, நாள்தோறும் ஓட்டும் 3,000 சுற்றை இழக்கிறோம். இலக்கை எட்டக்கூடிய டர்போக்களில் சிறியதே சாலை வண்டிக்கு ஏற்றது. இலக்குக்கு மேல் பத்துப் பதினைந்து சதவீதம் இடம் வைத்துக்கொள்வது விவேகம். ஐம்பது சதவீதம் வைத்துக்கொள்வது வீண்.

மலையேறும் வண்டி

வரைபடத்தின் எண்கள் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் திருத்தப்பட்டவை. காரெட் வரைபடங்களில் அது ஏறக்குறைய 30 டிகிரி செல்சியஸ், 96 கிலோபாஸ்கல். சமவெளியில் இந்தத் திருத்தம் ஒரு பவுண்டு அளவில்தான் மாற்றும் என்பதால் விட்டுவிட்டாலும் பெரிய பிழை வராது. உதகமண்டலம் போன்ற ஊரில் கதை வேறு. 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 77 கிலோபாஸ்கல் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஃபில்டர் இழப்பும் போனால் கம்ப்ரஸருக்குள் நுழைவது 70. மேனிஃபோல்டில் அதே 232 வேண்டுமானால் அழுத்த விகிதம் 3.5 ஆகிறது, திருத்திய காற்றளவும் 33-இலிருந்து 45 பவுண்டு அருகே போகிறது. ஜிடி2860ஆர்எஸ் வரைபடத்தில் அந்தப் புள்ளிக்கு இடமே இல்லை. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ, இதை அறியாமல் அந்த அழுத்தத்தையே துரத்தினால் சக்கரம் தன் வேக வரம்பைத் தாண்டிச் சுழன்று உடையும். மலைப்பகுதியில் வசிப்பவர், ஒன்று பெரிய டர்போவை எடுக்க வேண்டும், அல்லது மேலே போகும்போது பூஸ்ட்டைக் குறைத்து, குறைந்த திறனை ஏற்க வேண்டும். இரண்டாவதே பெரும்பாலோருக்கு ஏற்றது.

ஐந்தாம் படி: டர்பைன் பக்கம்

கம்ப்ரஸரைத் தேர்ந்தபின் அதைச் சுழற்றும் டர்பைனின் உறையைத் தேர்வு செய்ய வேண்டும். உறையில் ஏ/ஆர் என்று ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். உறைக்குள் எக்ஸாஸ்ட் பாயும் வழியின் பரப்புக்கும், அதன் மையம் அச்சிலிருந்து இருக்கும் தூரத்துக்கும் உள்ள விகிதம் அது. தோட்டக் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் நீர் சீறிப் பாய்வதைப் போல, சிறிய ஏ/ஆர் எக்ஸாஸ்டை வேகமாகச் சக்கரத்தில் மோத வைக்கும். பூஸ்ட் சீக்கிரம் எழும். ஆனால் மேல் சுற்றுகளில் எக்ஸாஸ்ட் வெளியேற வழியின்றி எஞ்சினுக்குள்ளேயே தேங்கும். தேங்கிய சூடான வாயு அடுத்த எரிதலில் நாக்கிங்கைத் தூண்டும். டர்பைனுக்கு முன்னுள்ள அழுத்தம் பூஸ்ட்டைப் போல இரு மடங்கைத் தாண்டினால் டர்பைன் பக்கம் சிறியது என்றே கொள்ள வேண்டும்.

ஜிடி2860ஆர்எஸ் 0.64, 0.86 என்ற இரண்டு உறைகளில் வந்தது. இரண்டு லிட்டர் சாலை வண்டிக்கு 0.64-ஐயே நான் பரிந்துரைப்பேன். பெரும்பகுதி தடத்தில் ஓடும் வண்டிக்கு மட்டும் 0.86. கம்ப்ரஸர் உறைக்கும் ஏ/ஆர் எண் உண்டு. அதன் தாக்கம் சிறிது, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

குறித்த பூஸ்ட் வந்ததும் எக்ஸாஸ்டை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் வால்வான வேஸ்ட்கேட்டையும் இங்கேயே பாருங்கள். அதன் துளை போதாதபோது, குறித்த பூஸ்ட்டில் நிற்காமல் மேல் சுற்றுகளில் அழுத்தம் தானாக ஏறிக்கொண்டே போகும். எக்ஸாஸ்ட் குழாயை அகலமாக்கியவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது.

ஆறாம் படி: எரிபொருள் ஈடுகொடுக்குமா

300 குதிரைத்திறனுக்கு மணிக்கு 300 × 0.55, அதாவது 165 பவுண்டு பெட்ரோல் வேண்டும். நான்கு இன்ஜெக்டருக்குப் பகிர்ந்தால் தலா 41. இன்ஜெக்டரை 80 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பதால் 0.8-ஆல் வகுத்தால் 52 பவுண்டு; ஒரு பவுண்டுக்கு 10.5 சிசி என்று பெருக்கினால் நிமிடத்துக்கு 540 சிசி. எஸ்13 சில்வியாவில் வந்த 370 சிசி இன்ஜெக்டர்களை இதே கணக்கில் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள்: 205 குதிரைத்திறன் வருகிறது. நிஸான் அந்த எஞ்சினுக்கு அறிவித்த திறனும் அவ்வளவுதான். டர்போவை மாற்றிவிட்டுப் பழைய இன்ஜெக்டர்களையே விட்டுவைத்தால், கூடுதல் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல் கலவை மெலிந்து பிஸ்டன் உருகும். ஆகவே இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப், ஈசியூ டியூனிங் ஆகியவற்றின் செலவையும் டர்போவின் விலையோடு சேர்த்தே திட்டமிடுங்கள்.

வாங்கும்போதும் மாட்டிய பின்னும்

பெயர் பொறித்த போலி டர்போக்கள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. வெர்னியர் காலிப்பரால் கம்ப்ரஸர் சக்கரத்தின் நுழைவு விட்டத்தையும் வெளி விட்டத்தையும் அளந்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்து, வரும் எண்ணை இருமடியாக்கி 100-ஆல் பெருக்குங்கள். இதற்கு டிரிம் என்று பெயர். உண்மையான ஜிடி2860ஆர்எஸ்ஸில் விட்டங்கள் 47.2, 60.1, டிரிம் 62. நிறுவனத்தின் பட்டியலோடு இவை பொருந்தாவிட்டால், நீங்கள் பார்த்துவைத்த வரைபடம் அந்த டர்போவுக்கு உரியதல்ல.

மாட்டிய பின் முதல் ஓட்டங்களில் வேஸ்ட்கேட் ஸ்பிரிங் மட்டும் தரும் குறைந்த பூஸ்ட்டிலேயே ஓட்டி, காற்று-எரிபொருள் விகிதத்தையும் நாக்கிங்கையும் பதிவு செய்யுங்கள். எல்லாம் சீராக இருந்தால் 0.1 பாராகக் கூட்டிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு முறையும் பதிவான சுற்றையும் மேனிஃபோல்டு அழுத்தத்தையும் கொண்டு, மேலே சொன்ன கணக்கின்படி புள்ளிகளை அதே வரைபடத்தில் குறித்து வாருங்கள். 1.3 பாரில் கிடைக்க வேண்டிய திறனுக்கு 1.6 பார் தேவைப்படுகிறது என்றால், பூஸ்ட்டை மேலும் கூட்டாமல் நிறுத்திவிட்டு, ஏர் ஃபில்டர், இன்டர்கூலர், எக்ஸாஸ்ட் குழாய் ஆகிய மூன்றிலும் அழுத்தம் எங்கே இழக்கப்படுகிறது என்று ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள்.